முன்கூட்டியே போட்ட டிக்

எங்க அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமா ஊரையே மேலேயும் கீழேயும் அனுப்பிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் படியேறி வர்ற மனுஷன். ஒவ்வொரு கட்டடத்துலயும் மோட்டார் அறையில ஒரு அட்டை தொங்கும். கயிறு, பிரேக், மணின்னு பார்த்துப் பார்த்து தினமும் டிக் போடணும். சில பேர் ஒண்ணாந்தேதியே மாசம் முழுக்கப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படி ஒருத்தன் மாட்டினா அண்ணன் அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்.

அண்ணி தவறிப்போய் நாலு வருஷம் ஆச்சு. அன்னைக்குன்னு பார்த்து ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு, உள்ளே அஞ்சு பேர். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், பேசிக்கிட்டே இருங்க"ன்னு கதவு வழியா சொல்லிக்கிட்டே அண்ணன் வேலை பார்த்தார். எப்பவும் சொல்ற வார்த்தைதான் அது. அவரோட மகளும் சின்ன வயசுல அவர்கூட வேலை இடத்துக்குப் போய், எத்தனையோ தடவை அதைக் கேட்டிருக்கா. பையில போன் ஏழு தடவை அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து மக. அவர் எடுக்கலை. அஞ்சு பேரும் பத்திரமா வெளியே வந்தாங்க, அண்ணி போயிட்டாங்க.

"யார் யாருக்கோ இருந்தீங்க, எங்களுக்கு இல்லையேப்பா"ன்னு சொல்லிட்டு, அவ வேற ஊர்ல வேலை தேடிக்கிட்டா. எனக்குப் போன் பண்ணுவா, அவருக்குப் பண்ணமாட்டா. நான் கீழ் வீடு. அவகூடப் பேசுறப்போ அண்ணன் வந்துட்டா, டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அவ குரல் ரெண்டு சொட்டு காதுல விழாதான்னு.

இந்த வருஷம் அவருக்கு ரத்த அழுத்தம் எகிறிப்போச்சு. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். தினமும் மனசுக்குப் பிடிச்ச மாதிரி நாலு பழக்கம் வெச்சுக்குங்க"ன்னாங்க டாக்டரம்மா. அட்டை இல்லாம அண்ணனுக்கு எது ஓடும்! சமையலறைச் சுவத்துல ஒண்ணு மாட்டினார். காலையில நடை, செடிக்குத் தண்ணி, ஒரு பாட்டு முழுசா, மகளுக்குப் போன்.

நடந்தார். செடி தளதளன்னு வளர்ந்துச்சு. மேலேயிருந்து பாட்டும் கேட்டுச்சு. போன் வரிசையிலயும் பென்சில் டிக் ஏறிக்கிட்டே வந்துச்சு. அப்பாடா, பேசிட்டாங்கன்னு எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. கண்ணு பட்டுடுமோன்னு அவகிட்டகூட நான் கேட்கலை.

போன ஞாயித்துக்கிழமை பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். அட்டையைப் பார்த்ததும் சுருக்குன்னுச்சு. மத்த மூணு வரிசையும் அன்னைய தேதியோட நிக்குது, போன் வரிசையில மட்டும் மாசக் கடைசி வரைக்கும் டிக்!

"என்னண்ணே இது? இன்னும் விடியாத நாள்ல எப்படிப் பேசினீங்க?"

"நம்பர் போடுவேன்மா. மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சிடுவேன். தினமும் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்க முடியலை, அதான் மொத்தமாப் போட்டுட்டேன்."

"ஊரான் போட்டா கிழிகிழின்னு கிழிப்பீங்களே! வெட்கமா இல்லை?"

"எடுக்கலைன்னா?"ன்னார். "அன்னைக்கு நான் எடுக்கலை. இன்னைக்கு அவ எடுக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் விடலை. அவர் போனைப் பிடுங்கி நானே நம்பரைப் போட்டு, அவர் காதுல வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்.

மூணாவது மணியில எடுத்துட்டா. அண்ணன் வாயைத் திறக்கிறார், சத்தமே வரலை. வெறும் மூச்சு.

"அப்பா"ன்னா. பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டுச்சு. "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். பேசிக்கிட்டே இருங்க."

அண்ணன் பொலபொலன்னு அழுதுட்டார். "செடி பூத்திருக்கும்மா"ன்னார். அவருக்கு வந்தது அவ்வளவுதான். வர்றேன்னு அவ சொல்லலை. "நாளைக்கும் பண்ணுங்கப்பா"ன்னு மட்டும் சொன்னா.

போனை வெச்சதும் அண்ணன் ரப்பரைத் தேடி எடுத்து, அந்த வரிசையில இருந்த எல்லா டிக்கையும் அழிச்சார். அப்புறம் அன்னைய கட்டத்துல ஒண்ணே ஒண்ணு போட்டார். அது கோணலா விழுந்துச்சு.