இடது கை விழாத அறை

என் மேசை இழுப்பறையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்பீக்கர் வயர் ஒன்று கிடக்கிறது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு இழைகள் ஒட்டியது. நுனியில் உறை உரிந்து செம்பு தெரியும். பேனா தேடும்போது அது விரலில் பட்டால் இன்றைக்கும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். தூக்கிப் போட்டுவிடலாம். போடவில்லை.

தி.நகரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையின் இரண்டாவது மாடியில், ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டும் அறையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தரை முழுக்கக் கம்பளம், அதில் ஊறிய காலுறை வாடை, அதை மறைக்க அடித்த மல்லிகை ஸ்ப்ரேயின் வாடை. சுவரெங்கும் புத்தக அலமாரியில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கர்கள், ஜோடி ஜோடியாக. சம்பளக்காரர்கள் யோசித்து யோசித்து வாங்குகிற ரகம். அந்த அறைக்கு எங்கள் மேனேஜர்தான் ராஜா. எந்நேரமும் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார். வந்தவரைத் தோளில் கை போட்டு சோபாவில் உட்காரவைப்பார். பாட்டு ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையை ஆட்டித் தொடையில் தாளம் போடுவார். அந்தத் தாளம் ஒரு நாளும் பாட்டோடு சேர்ந்ததில்லை. சங்கீதம் தெரியாதது குற்றமில்லை. மூடினாற்போல் வைத்திருக்கும் கண்ணால் பக்கத்திலிருப்பவர் முகத்தை அளந்துகொண்டே இருப்பாரே, அதைத்தான் என்னால் சகிக்க முடியாது.

சின்ன ஸ்பீக்கரை எடைபோடுவது பெரிய வித்தையில்லை. நன்றாகப் பழகிய குரல் ஒன்றைப் போட்டு, இரண்டு பெட்டிக்கும் நேர் எதிரே உட்கார வேண்டும். நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடுகிறவர் வந்து உட்கார்ந்தால் அது நல்ல ஜோடி. அத்தனூண்டு பெட்டி சுவரை அதிரவைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பேஸ் என்கிற கீழ்ச் சத்தம் கொஞ்சமாக வந்தாலும் உண்மையாக வர வேண்டும். இது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரிந்துதான் கெடுத்தோம். கமிஷன் அதிகமுள்ள ஜோடிக்குச் சத்தத்தை ஒரு பொடி கூட்டி வைப்போம். கொஞ்சம் உரக்கக் கேட்பதைத்தான் காது நல்லது என்று நம்பும். விற்க வேண்டாத ஜோடியில் ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி மாட்டுவோம். ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுக்கும். பாடுகிறவர் நடுவிலிருந்து காணாமல் போவார், கீழ்ச் சத்தம் வற்றிவிடும். இதற்கு மேனேஜர் 'தண்டனை' என்று பெயர் வைத்திருந்தார். தண்டனை கொடுத்த கை என்னுடையது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து மிருதங்க வித்வான் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். போன மாதம் அவர் வாசித்த கச்சேரியின் பதிவு.

"போன்ல போட்டுக் கேட்டா எடது கையே விழலை. போன்னா அப்படித்தான்னு பசங்க சொல்றா. எனக்கென்னமோ என் காது மேலேயே சந்தேகமா இருக்கு," என்றார். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவை பூசி எழுப்புகிற கனத்த நாதத்தைச் சொன்னார். "வாசிக்கறச்சே கேக்கறாப்லதான் இருக்கு. அது காதா, இல்லை கையோட ஞாபகமான்னு தெரியலை. மார்கழி சீசனுக்குத் தேதி கேக்கறா. ஒத்துக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்."

மேனேஜர் ஒரு ஜோடியைக் கைகாட்டினார். முந்தின நாள் வரை தண்டனையில் இருந்த ஜோடி அது. அன்று காலைதான் அதற்குக் கமிஷன் கூடியிருந்தது. வயரைச் சரியாக்கு என்று எனக்குச் சொல்லியுமிருந்தார். நான் சுத்தமாக மறந்துவிட்டேன். பென் டிரைவைச் செருகினேன். மேனேஜர் கண்ணை மூடித் தொடையைத் தட்ட ஆரம்பித்தார். வித்வானின் இடது கை மடியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"எடது கை விழலையே," என்றார் வித்வான். மறுபடி போட்டேன். மறுபடியும் அதையே சொன்னார், இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது தெரிந்தது. எழுந்து போய் வயரை மாற்றினால் குட்டு உடைந்துவிடும். வித்வானின் தோளில் கையைப் போட்டார். "தப்பா நெனச்சிக்காத மாமா. வயசானா கீழ் சத்தம்தான் மொதல்ல போவும். டப்பா சூப்பரா பாடிகினு கீது. இன்னாப்பா, உனுக்குக் கேக்குதா இல்லியா?"

வயதானால் முதலில் போவது மேல் சத்தம். அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும். சுவரோரம் நின்றிருந்த என்னை வித்வானும் நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்குது சார்," என்றேன். "நல்லாவே கேக்குது."

மடியில் அசைந்துகொண்டிருந்த அவருடைய கை நின்றது. வேறு ஜோடி எதையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "மறைக்காம சொன்னேளே, அதுவே போறும்," என்று எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, பென் டிரைவை மறந்து, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். "கெய்வன் போனா போறான். வயரை மாத்து மொதல்ல," என்றார் மேனேஜர். மாற்றினேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதமும் சாப்பிட்டேன்.

வருகைப் பதிவேட்டில் அவருடைய விலாசமும் போன் நம்பரும் இருந்தன. தினமும் மயிலாப்பூர் வழியாகத்தான் பஸ்ஸில் போய்வந்தேன். இன்று இறங்கலாம், நாளை இறங்கலாம் என்று தள்ளிப்போட்டதில் இரண்டு மார்கழி போய்விட்டது. கடையை விட்டதுகூட மனசாட்சி உறுத்தி அல்ல. வேறு இடத்தில் சம்பளம் கூடக் கிடைத்தது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டிலிருந்த சின்ன ஜோடியையும் வயரையும் அவருடைய பென் டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். மிருதங்கம் துணியுறைக்குள் மூலையில் நின்றது. அந்தச் சீசனிலிருந்தே கச்சேரிக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. நான் ஒன்றும் விளக்காமல் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டி, அவருடைய பதிவைப் போட்டேன்.

இடது கை விழுந்தது. வட்டமாக, கனமாக, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நின்றது. அவர் முன்னால் குனிந்தார். பிறகு ஒரு பெட்டியில் மட்டும் வயரை மாற்றி மாட்டினேன். கை காணாமல் போனது. திரும்பவும் சரியாக மாட்டினேன். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றேன். அது அந்த அறையில் எவ்வளவு அற்பமாக ஒலித்தது என்பது எனக்கே கேட்டது.

அவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மேனேஜர் சொன்னதை நான் நம்பலை. தப்புத் தாளம் போட்டுண்டிருந்தான், அவனுக்கு என்ன தெரியும்? நீங்க தலையை ஆட்டாம, சும்மா நின்னு கேட்டுண்டிருந்தேள். உங்களைத்தான் நம்பினேன்."

ஸ்பீக்கரை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார். நான் பெட்டிகளைப் பையில் வைத்துக் கிளம்பியபோது, தரையில் கிடந்த வயரைக் குனிந்து எடுத்து, சுருட்டி, என் கையில் கொடுத்தார். "இதையும் எடுத்துண்டு போங்கோ."

மேனேஜர் இப்போது அடையாறில் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார் என்று கேள்வி. அவரையும் அவர் ஏலக்காயையும் நினைத்தால் இப்போதும் அருவருப்பு வரும். ஆனால் இழுப்பறையில் இந்த வயர் விரலில் படும்போது நினைவுக்கு வருவது அவர் அல்ல. 'நல்லாவே கேக்குது' என்று சொன்ன குரல்.