மூக்கக்கா பார்த்து அனுப்பிய சாண்ட்விச்

சாண்ட்விச் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கும் அறையில் வேலை. ஒவ்வொரு முறை தயாராகும்போதும் இரண்டு பொட்டலம் அவள் மேசைக்கு வரும். முதலில் உறையின் உட்புறத்தைப் பார்ப்பாள். நீர் கோத்திருந்தால் ரொட்டி ஆறுவதற்குள் அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ரொட்டியை விரலால் அழுத்துவாள். அமுங்கிய இடம் எழும்பி வரவேண்டும். பிரித்து, உள்ளே வைத்தது ஓரம்வரை போயிருக்கிறதா, வெட்டிய பக்கத்தில் மட்டும் பகட்டா என்று பார்ப்பாள். கடைசியில்தான் மூக்கு. சோதனைக் கருவி சரியென்று சொன்ன முட்டைக் கலவையைக்கூட, "இது நாளைக்குத் தாங்காது" என்று தள்ளி வைத்திருக்கிறாள். தாங்கியதில்லை.

கணவன் போன பிறகு மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த மூக்குதான்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது இவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. விட்ட அன்று பல் துலக்கினால் பற்பசை வெறும் நுரையாக இருந்தது. வெங்காயத்தை நறுக்கி மூக்கருகே வைத்தாள். கண் எரிந்தது, வாசனை இல்லை.

சீக்கிரம் வந்துவிடும் என்று வேலைக்குப் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை, மகளிடம்கூட. கண்ணையும் விரலையும் வைத்து மூன்று வாரம் ஒப்பேற்றினாள்.

நாலாவது வாரம் முட்டை சாண்ட்விச் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. சாப்பிட்ட ஆறு பேருக்கு வாந்தி. "மூக்கக்கா பார்த்து அனுப்பினது. இங்க கெட்டிருக்க வழியே இல்ல" என்றார் மேலாளர். வழியில் வண்டியின் குளிர்சாதனம் அணைந்திருக்கும் என்று முடிவுகட்டி, வண்டி ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் நேராக அவளிடம் வந்தான்.

"அக்கா, நான் குளிர அணைக்கவே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

"பாக்கறேன் தம்பி."

நாலு நாள் மேலாளர் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். ஐந்தாம் நாள் மேலாளர் அறைக்குப் போனாள்.

"வண்டியில ஒண்ணும் ஆகல சார். நான்தான் விட்டுட்டேன். எனக்கு வாசன தெரிஞ்சு ஒரு மாசமாச்சு."

விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு, சோதனைக்கென்று வைத்திருந்த கெட்ட பொட்டலம் ஒன்றைப் பிரித்து நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதை மூக்கருகே பிடித்தபடி சும்மா நின்றாள்.

"ஏம்மா முதல்லயே சொல்லல?"

"வந்துடும்னு நெனச்சேன் சார்."

ஓட்டுநரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவளை அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. யாரும் மூக்கக்கா என்று கூப்பிடவில்லை. ஒருநாள் பெட்டி ஏற்ற வந்த ஓட்டுநர், குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "அந்த நாலு நாளும் எங்கப்பா என் மூஞ்சியப் பாத்துப் பேசலக்கா." அவள் அடுத்த அட்டையை எடுத்து மடித்தாள்.

மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். மகளிடம் அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மகளுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள் மகள்.

"தலைய மோந்து பாரேன்மா. ஒரு வாசன வருது, சொல்லத் தெரியல எனக்கு. நீ சொல்லு."

அவள் குனிந்து, பூப்போன்ற முடியில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். இளஞ்சூடு மட்டும் பட்டது. இன்னொரு முறை இழுத்தாள்.

"நீ பொறந்தப்ப வந்த அதே வாசன" என்றாள், முகத்தை நிமிர்த்தாமலே.