ஏலக்காரர் சங்கிலியின் கடைசிப் பல்

உத்தமபாளையம் காய்கறி மண்டியில் ஏலம் கூறுவது சங்கிலியின் வேலை. வயது முப்பத்தாறு. சரக்கில் குறை இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதற்கும் நியாயமான விலை வாங்கிக் கொடுப்பவர் என்று பெயர். பண்ணைப்புரத்திலிருந்து பீட்ரூட் கொண்டுவருகிறவர்கள் அவர் வரும்வரை மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

போன தை மாதம் இடது கீழ்த்தாடையின் கோடியில் வீங்கியது, மாத்திரையில் அடங்கியது. பங்குனியில் மறுபடி வந்தது. வைகாசியில் மூன்றாம் முறை வந்தபோது ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறக்கவில்லை. நான்கு நாள் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு வீட்டில் கிடந்தார். மனைவி மகாலட்சுமிதான் பல் டாக்டர் ஜெஸ்லினிடம் கூட்டிப்போனாள்.

எக்ஸ்ரேயில் ஞானப்பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து படுத்திருந்தது.

"எடுத்துடுறது நல்லது," என்றார் டாக்டர். "ஆனா வேர் நரம்பை ஒட்டி இருக்கு. கீழுதடு கொஞ்ச மாசம் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சரியாயிடும். அபூர்வமா சிலருக்கு அப்படியே நின்னுடும். அதைச் சொல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

"ஒதடு மரத்துட்டா பேச்சு வருமா மேடம்?"

"வரும். உதடு அசையும். தொட்டா தெரியாது, அவ்வளவுதான்."

சங்கிலி நம்பவில்லை. முன்பு பல் அடைக்க ஊசி போட்டபோது அன்று முழுக்க நாக்குக் குழறியது அவருக்கு நினைவிருந்தது. மருந்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"வாய்தான் எனக்குப் பொழப்பு," என்றார் வீட்டில்.

"நாலு நாளு வாயைத் தெறக்க முடியாம கெடந்தீகளே, அப்ப மட்டும் ஏலம் கூவுனீகளாக்கும்?" என்றாள் மகாலட்சுமி. அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. வாழைக்காய் வாங்க வரும் வியாபாரி ஜெய்த்தூன் பீவிக்கு இதே பல்லை எடுத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஏலம் முடிந்ததும் அவரிடம் போய் நின்றார்.

"நாலு மாசம் ஒதடு எங்கன இருக்குன்னே தெரியல தம்பி. டீ குடிச்சா தாடையில ஒழுகும். எம் மக பாஜிலா சொன்னாத்தான் தொடைப்பேன்."

"ஏன்டா எடுத்தோம்னு தோணலயாக்கா?"

"தோணுச்சு. டாக்டரை மனசுக்குள்ள அம்புட்டுத் திட்டு திட்டுனேன். அப்பறம் தானாச் சரியாயிருச்சு."

"ஏவாரத்துக்கு என்ன செஞ்சீக?"

ஜெய்த்தூன் பீவி சிரித்துவிட்டார். "என்ன செஞ்சேனா? தெனமும் இங்கன உங்கூடத்தான மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். ஒனக்குத் தெரியலையா?"

சங்கிலிக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்கு மாதம் எதிரில் நின்று விலை கேட்டவரின் பேச்சில் அவர் ஒரு வித்தியாசமும் கண்டதில்லை. மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து தேதி கேட்டார்.

ஆனி கடைசியில் பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டர் சொன்னபடியே உதட்டின் இடப்பக்கம் மரத்துப்போனது. பத்தாம் நாள் மண்டிக்கு வந்தவர், இரண்டு மூட்டை முடிவதற்குள் நாலைந்து தடவை துண்டால் வாயைத் துடைத்தார். கூட்டத்துக்குள்ளிருந்து ஜெய்த்தூன் பீவி, "ஒண்ணும் ஒழுகல தம்பி, நீ கூவு!" என்றார். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. சங்கிலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

புரட்டாசியில் உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. நரம்பு திரும்புகிறது என்றார் டாக்டர். வலப்பக்கப் பல்லையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று சங்கிலியே கேட்டார்.

"அது நேரா முளைச்சிருக்கு. தொந்தரவு பண்ணல. எதுக்கு எடுக்கணும்? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

உணர்ச்சி அநேகமாக வந்துவிட்டது. தாடையில் புளியங்கொட்டை அளவு ஓரிடம் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. சவரம் செய்யும்போது அங்கே ஒருமுறை வெட்டிக்கொண்டு, சட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது அந்த இடம் வந்ததும் கண்ணாடிக்குக் கிட்டே போய் நின்று மெதுவாக மழிக்கிறார்.