அரை மணித்தியாலம் முந்திய கொட்டாஞ்சேனை

என் வெள்ளவத்தைக் கடைச் சுவரில் தொங்கும் மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. திருத்தச் சொல்லாத ஆளில்லை. நான் ஒருவரையும் தொட விடுவதில்லை.

ஐந்தாம் வகுப்போடு புறக்கோட்டையில் மூட்டை சுமக்க வந்தவன் நான். யுத்த காலத்திலேயே மூன்று வீடியோக் கடை போட்டவன். ஒரு கடை எரிந்தாலும் கலியாணப் படங்கள் மிஞ்ச வேண்டுமென்று, வெள்ளவத்தை, பாமன்கடை, கொட்டாஞ்சேனை மூன்று கம்பியூட்டரிலும் பிரதிகளைப் பரப்பி வைக்கும் யோசனையும் என்னுடையதே. செய்து தந்தவர் சகலன், மனைவியின் தங்கை புருஷன், பட்டம் பெற்ற எஞ்சினியர். வீட்டில் அவர் மூளைசாலி. நான் வெறும் கடைக்காரன்.

அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய வருடம் அது. ஒரு போயா விடுமுறை நாள், கடை பூட்டியிருக்கும்போது சகலன் மூன்றையும் இணைக்கும் புது மென்பொருளை ஏற்றினார். இரண்டு சேர்ந்தன, கொட்டாஞ்சேனை சேரவில்லை. மூன்றும் சேரும்வரை ஒரு படமும் திறக்காது. அதற்குள் ராணுவம் சோதனைக்கென்று வீதிகளை மறித்துவிட்டது, அங்கே திரும்பப் போகவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மணப்பெண்ணின் தாய் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றா.

"நாளைக்கு மகளுக்கு விசா இன்டர்வியூ. கலியாணம் மெய்யெண்டு எதைக் காட்டுறது?"

கொட்டாஞ்சேனைக்குப் போன் போட்டேன். இந்த வேலைக்கென்று அங்கே வரச் சொல்லியிருந்த கிளார்க் எடுத்தான்.

"முதலாளி, ஒரு மணியாச்சு, சாப்பிடப் போறன்."

"பன்னிரண்டரைக்கே பசிக்குதோ உனக்கு!" என்று ஏசினேன்.

பக்கத்திலிருந்த சகலன் துள்ளி எழுந்தார். "அண்ணை, அங்க பழைய நேரமோ? புதுசு மூண்டிலயும் நேரம் ஒத்திருக்கோணும் எண்டு நிக்கும்!"

கிளார்க்கைக் கேட்டோம். "அரசாங்கம் பிறகும் நேரத்தை மாத்தும் எண்டு சுவர் மணிக்கூட்டை விட்டிட்டன். அதைப் பாத்துத்தான் கம்பியூட்டருக்கும் வைச்சனான்." திருத்தச் சொன்னதும் படம் திறந்தது. தாய் சகலனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "தம்பி, நீங்கள் தெய்வம்." என் பக்கம் திரும்பி, "முதலாளி, சீடி எப்ப தருவியள்?"

போன் என்னுடையது, கிளார்க் என்னுடையவன், ஏச்சும் என்னுடையது. அந்த அரை மணித்தியாலம் முதலில் விழுந்தது என் காதில். விழுந்து என்ன, பிடித்தது அவர் காது. அது எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

கொட்டாஞ்சேனைக் கடையை மூடியபோது அந்த மணிக்கூட்டை மட்டும் இங்கே கொண்டுவந்தேன். சகலன் இப்போது கனடாவில். எந்த விசேஷத்திலும் இந்தக் கதைதானாம், அதில் நான் சாப்பாட்டுக்கு ஏசுகிற ஆள் மட்டுமே. ஞாயிறுகளில் எனக்குப் போன் போட்டு, முதல் கேள்வியாக, "அண்ணை, அங்க இப்ப எத்தினை மணி?" என்பார்.

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்து, அதில் உள்ளபடியே சொல்கிறேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.