தண்ணீர் மேசைக்கு அடியில் ஒரு வாளி

அந்த ஓட்டலில் பன்னிரண்டு மேசை. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே சர்வர். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நீதிபதி. கறுப்பு அங்கியெல்லாம் கிடையாது. தோளில் ஒரு ஈரத்துணி, காதில் ஒரு பேனா, அவ்வளவுதான். ஆனால் வந்து உட்கார்ந்தவர், "இன்னைக்கு என்ன நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் போதும், தீர்ப்பு வந்துவிடும்.

"மீன் வேணாம். எண்ணெய் நேத்து எண்ணெய். முட்டை சாப்பிடுங்க."

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி முறைப்பார். நீதிபதி அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். முட்டை சாப்பிட்டுப் போனவர் மறுநாளும் வந்து நிற்பார். அதனால் முதலாளியும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்.

சாப்பாட்டைப் பற்றி நீதிபதிக்கு இல்லாத கருத்தே இல்லை. சூப்பை ஊதி ஊதிக் குடிக்கிறவனுக்கு இன்னும் பசி வரவில்லை என்பார். மேசையில் உப்பு டப்பா வைப்பது சமையற்காரரைக் கூப்பிட்டு வைத்துக் கன்னத்தில் அறைகிற மாதிரி என்பார். தனியாக வந்தவருக்குத்தான் முதலில் பரிமாற வேண்டும் என்பது அவர் சட்டம். கூட்டமாக வந்தவர்களுக்குப் பேச்சு இருக்கிறது, பொழுது போய்விடும். தனி ஆள் எத்தனை நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்? "காரம் கம்மியா" என்று சொல்கிறவர் ஐந்தாவது நிமிஷம் மிளகுத்தூள் கேட்பார் என்று பந்தயம் கட்டுவார். பெரும்பாலும் ஜெயிப்பார்.

இத்தனை பேசுகிற மனுஷன் மத்தியானம் மூன்று மணிக்குச் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றபடி ரொட்டியும் அவித்த முட்டையும்தான் தின்பார். காலையிலிருந்து குழம்பு வாசனையிலேயே நின்றவருக்குக் குழம்பைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் கோர்ட்டு நடத்துவதில்லை. வீட்டில். மனைவி தட்டை வைத்து, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு." கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அன்றைக்கும் அதே பதில், இன்றைக்கும் அதே பதில்.

இப்படி இருக்கையில், ஓட்டலின் மத்தியானச் சமையற்காரர் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி மூட்டை கட்டிவிட்டார். முதலாளிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நீதிபதி இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் கல்லா முன்னால் போய் நின்றார்.

"எங்க வீட்டம்மா சமைப்பா."

"எங்கயாவது சமைச்சிருக்காளா?"

"ஒரு விடுதியில ஒன்பது வருஷம் சமையலறை வேலை."

அது உண்மைதான். ஆனால் ஒன்பது வருஷமும் வெங்காயம் உரிக்கிற வேலை. அடுப்புப் பக்கம் ஒரு நாள்கூட விட்டதில்லை. விடுதியை இழுத்து மூடியபோது, வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "ஒரு தடவையாவது பெரிய சட்டியில கரண்டி போட்டுக் கிளறிப் பார்த்திருக்கலாம்." அந்த வார்த்தை நீதிபதியின் நெஞ்சில் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதற்காகத்தான் கேட்டார்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "ஆறு நாள். திங்கள்ல இருந்து சனி வரைக்கும். கோழிக் குழம்பும் சூப்பும் அவ கை. தட்டைப் பார்த்துட்டு சொல்றேன்."

தட்டைப் பார்ப்பது முதலாளியின் வழக்கம். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். எச்சில் தட்டெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் கழுவப் போகும். ஒவ்வொரு தட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். "சாப்பிட்டவனைக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான், அவனுக்கு என்ன? தட்டைக் காட்டு எனக்கு" என்பார். அந்த ஜன்னலைப் பார்த்து அவர் வேலையை விட்டு அனுப்பிய சமையற்காரர்கள் மூன்று பேர்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முதல் தட்டு போனது. கோழியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த குழம்பு. எப்போதும் நாலாம் நம்பர் மேசையில் உட்காரும் வக்கீல் குமாஸ்தா ரொட்டியால் தட்டைத் துடைத்தே எடுத்துவிட்டார். நீதிபதிக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு மணி வரைக்கும் தட்டுகள் கண்ணாடி மாதிரி வந்தன.

ஒரு மணிக்கு மேல் நிலைமை மாறியது. ஒன்பதாம் நம்பர் மேசையில் குழம்பு பாதி அப்படியே கிடந்தது. அடுத்து ஆறாம் நம்பர். எடுத்துப் பார்த்தார். கிழங்கு மொத்தமும் கரைந்து, குழம்பு மாவாகக் குழைந்து தட்டில் அப்பிக்கொண்டிருந்தது. கல்லாப் பக்கம் பார்த்தார். முதலாளி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் தண்ணீர் ஜக்குகள் வைக்கிற மேசை. அதற்கு அடியில், சிந்துகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. நீதிபதி கீழே விழுந்த தோள் துணியை எடுக்கிற மாதிரி குனிந்தார். ஒரே வழிப்பு. தட்டிலிருந்த மிச்சம் வாளிக்குள் போனது. ஜன்னலுக்கு வெறும் தட்டு போனது.

"பரவாயில்லையே!" என்றார் முதலாளி.

முதல் தட்டுக்குத்தான் கல்லாப் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பத்தாவது தட்டுக்குக் கை பழகிவிட்டது. செவ்வாயும் அப்படியே போனது. மேசைக்கு மேசை உள்ளதை உள்ளபடி சொல்லிப் பேர் வாங்கின மனுஷன், ஜக்கு மேசைக்கு முன்னால் திருடன் மாதிரி முதுகைக் காட்டி நின்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"தட்டெல்லாம் சுத்தமா வந்துச்சாமே, முதலாளி சொன்னார். உண்மையிலேயே பிடிச்சுதா அவங்களுக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் நீதிபதி. வீட்டில் என்ன கேட்டாலும் வாயில் வருவது அதுதான்.

அதை நம்பி புதன்கிழமை அவள் இன்னும் பெரிய சட்டியை ஏற்றினாள். கிழங்கை இரண்டு மடங்காகப் போட்டாள். எல்லோருக்கும் பிடித்திருக்கிறதே, தாராளமாக வைப்போம் என்று நினைத்தாள். அன்றைக்கு வாளி இரண்டு தடவை நிரம்பியது.

வியாழக்கிழமை மூன்று மணி. கூட்டம் ஓய்ந்திருந்தது. நீதிபதி சுவரில் சாய்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற அம்மாவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா முக்கி முனகி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல. தட்டு கழுவின மாதிரி வருது. இந்தத் தண்ணி வாளிதான் நாலு நாளா இடுப்பை ஒடிக்குது. தண்ணிக்குக் கோழி எப்படி முளைக்கும்?"

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். நீதிபதியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்னங்க?"

"மிச்சம்."

"யாரு வச்ச மிச்சம்?"

"ஒரு மணிக்கு மேல வந்தவங்க."

"எத்தனை பேர்?"

"...நிறைய பேர்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. கரண்டியை மெதுவாகச் சட்டியின் மேல் வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்றீங்க. எனக்கு மட்டும் இருபத்திரண்டு வருஷமா ஒரே தீர்ப்பு. அதுல எத்தனை நாள் பொய்?"

நீதிபதி கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். நேர்மையாகவே யோசித்தார். "பாதி நாள் நிஜமாவே நல்லா இருந்துச்சு."

தொட்டிப் பக்கமிருந்து அக்கா சிரித்துவிட்டாள். "பாதியாவது தேறுச்சே!"

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒன்பது வருஷம் எங்கிட்ட யாரும் எதுவும் சொன்னதில்ல. வெங்காயம் உரிக்கிறவகிட்ட சொல்ல என்ன இருக்கு? இப்பதான் சட்டி கைக்கு வந்திருக்கு. இப்பவும் சொல்ல மாட்டீங்கன்னா நான் எப்படிங்க கத்துக்கிறது?"

நீதிபதி முட்டையை வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே அவளுக்கு முன்னால் நின்றார்.

"ஒரு மணி வரைக்கும் உன் கோழியை அடிச்சுக்க ஆளில்ல. குமாஸ்தா தட்டையே தின்னுடுவார் போல இருக்கு. அதுக்கு மேல கிழங்கு கரைஞ்சு பசையாயிடுது. சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்."

அவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் கிளறினாள். கரண்டி நகர மறுத்தது.

"வீட்டுல இறக்கின கையோட சாப்பிட்டுடறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இங்க நாலு மணி நேரம் அடுப்புலயே உக்காந்திருக்கு. கரையாம என்ன செய்யும்?" பிறகு வாளியைக் காட்டினாள். "தூக்குங்க."

"எங்க?"

"கல்லாவுக்கு."

"வேலை போயிடும்மா. உனக்கும் சேர்த்து."

"போனா போகட்டும். பொய்த் தட்டைக் காட்டி வாங்கின சட்டி எனக்கு வேணாம்."

நீதிபதி வாளியோடு போய் நின்றார். விஷயத்தைக் கேட்கக் கேட்க முதலாளியின் காது சிவந்தது.

"நாலு நாளா என் கண்ணுல மண்ணைத் தூவினியா? மீன் நல்லா இல்லன்னு என் வியாபாரத்தையே கெடுத்த வாய்தானே இது? பெண்டாட்டி சமையல்னா மட்டும் பூட்டு போட்டுக்குமா?"

நீதிபதிக்குப் பின்னால் நின்ற மனைவி முன்னால் வந்தாள். "ரெண்டு நாள் இருக்கு, ஐயா. அதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

முதலாளி வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஆனா இவன் ஒரு தட்டைத் தொடக்கூடாது. வைக்கட்டும். எடுக்கிறது நான்."

வெள்ளிக்கிழமை ஓட்டலில் கூத்துதான். பதினைந்து வருஷமாகக் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனுஷன், தொந்தியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை அலைந்தார். இரண்டு தட்டை உடைத்தார். சாப்பிட்டு முடிக்காதவர் தட்டையும் பிடுங்கப் போய்த் திட்டு வாங்கினார். காசு கொடுக்க வந்தவர்கள் அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தார்கள். "நீதிபதி, இது என்ன புது சர்வரா? வேலை தெரியலையே!" என்று குமாஸ்தா உரக்கக் கேட்டார். நீதிபதி சிரிப்பை அடக்கத் துணியைக் கடித்துக்கொண்டார்.

அவள் அன்று கிழங்கைத் தனியாக வேகவைத்து, தட்டில் வைக்கும்போது சேர்த்தாள். குழம்பு கடைசி வரைக்கும் குழம்பாகவே இருந்தது. ஆனால் கிழங்கு தட்டு தட்டாகத் திரும்பி வந்தது. நீதிபதி ஆர்டர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் தலையை நீட்டினார். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"கிழங்கு சப்புன்னு இருக்கு. குழம்பு ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிங்க மாதிரி நிக்குது."

அவள் முகம் சுருங்கியது. அடுத்த நொடியே, "எத்தனை தட்டு?" என்று கேட்டாள்.

"பதினேழு. அதுல பன்னிரண்டு கிழங்கைத் தொடவே இல்ல."

"சரி, போங்க. மேசையில ஆள் காத்திருக்கு."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வழி நெடுக அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். சூப்புல மிளகு தூக்கலா? கோழித் துண்டு பெருசா? ரொட்டி வாங்கினவங்க அதிகமா, சோறு வாங்கினவங்க அதிகமா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

சனிக்கிழமை அவள் பெரிய சட்டியைத் தொடவே இல்லை. இரண்டு சின்னச் சட்டி. ஒன்று பதினோரு மணிக்குத் தயார். அது பாதி இறங்கும்போது இரண்டாவதை அடுப்பில் ஏற்றினாள். ஒரு மணிக்கு வந்தவருக்கும் அப்போதுதான் இறக்கிய குழம்பு. கிழங்கு முழுசாக இருந்தது, உள்ளே குழம்பும் ஏறியிருந்தது.

நீதிபதி தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பார்த்தால் கால் நின்றுவிடும். முதலாளி மட்டும் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. உடைந்த தட்டு ஒன்றுதான்.

இரண்டரை மணிக்கு முதலாளி ஒரு தட்டை ஜன்னலில் விடாமல் கையிலேயே ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். நீதிபதி பின்னாலேயே ஓடினார். தட்டில் கோழித் துண்டு பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

"மத்ததெல்லாம் நக்கி வச்சிருக்கான். இது ஏன் இப்படி?" என்று அவளிடம் நீட்டினார்.

நீதிபதிக்குக் காரணம் தெரியும். பதினோராம் நம்பர் மேசைக்கு அவர்தானே பரிமாறினார். வாயைத் திறக்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னப் பிள்ளை சாப்பிட்ட தட்டு, ஐயா. கிழங்கெல்லாம் போயிருக்கு. கறியில ஓரத்துல மட்டும் கடிச்சிருக்கு. துண்டு பெருசு. வாய்க்குள்ள போகல."

முதலாளி நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி தலையை ஆட்டினார். "ஆறு வயசு இருக்கும். கறியைக் கையில பிடிச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்துச்சு."

முதலாளி தாடையைச் சொறிந்தார். தட்டை அக்காவிடம் கொடுத்தார். வாசல் வரைக்கும் போய்விட்டு, திரும்பாமலேயே சொன்னார்.

"அப்ப திங்கட்கிழமை கொஞ்சம் சின்னத் துண்டாவும் வெட்டிப் போடு. பிள்ளைங்க வருது இல்ல?" இரண்டு அடி நடந்து, "தட்டை இனிமே அவனே எடுக்கட்டும். எனக்கு முட்டி விட்டுப்போச்சு" என்றார்.

திங்கட்கிழமை. அந்த வார்த்தை புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு என்றாள். யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு நீதிபதி வழக்கம்போலச் சுவரில் சாய்ந்தார். முட்டையை எடுக்கவில்லை. சட்டியின் அடியில் ஒரு கரண்டிக் குழம்பு மிச்சமிருந்தது. அதை ரொட்டியில் தொட்டு வாயில் போட்டார். அவள் எதிரே நின்றாள்.

"எப்படிங்க இருக்கு?"

நீதிபதி மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு ரொட்டியால் சட்டியின் ஓரத்தை வழித்துத் தின்றார்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்."

அவள் சட்டியில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா, தூக்கல்தான்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.