கேபிள் டிவியில் நான் போட்ட மாமியார் வேஷம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது, முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன். தப்பாக நினைக்காமல் படியுங்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, தீபாவளி சமயம். திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் நானும் என் மகனும் குடியிருந்தோம். வீட்டுக்காரர் முன்னமே தவறிவிட்டார். மகன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவு கூச்சம் எனக்கு. மளிகைக் கடையில் நாலு பேர் நின்றால் வாங்காமலே திரும்பி வந்துவிடுவேன்.

மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஜாதகம் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன நேரத்தில் பொங்கலூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று. அவர்கள் ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துவிட்டும் போனார்கள். தீபாவளி கழித்துக் கைநனைப்பது, அதாவது சேர்ந்து சாப்பிட்டுச் சம்பந்தத்தை உறுதி செய்வது என்று பேச்சு.

அப்போது எங்கள் கேபிள்காரர் சொந்தமாக ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தார். பிறந்தநாள் வாழ்த்து, கோயில் விசேஷம் எல்லாம் அதில் போடுவார். அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு நாடகம் போட நினைத்து, கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு தம்பியை டைரக்டர் ஆக்கிவிட்டார். மாமியார் கொடுமைக் கதை. எங்கள் லைன் வீட்டு வாசலில்தான் எடுத்தார்கள்.

ஆள் பிடித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். குடிகாரப் புருஷனாக நடித்தவர் டீ கூடக் குடிக்காதவர், தள்ளாடி நடக்கச் சொன்னால் கால் சுளுக்கியவர் மாதிரி நடந்தார். பட்டினி கிடக்கும் மருமகள், கேபிள்காரரின் அக்கா மகள். நல்ல தாட்டியான பெண், அழுகிற இடத்திலும் வளையலைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டது. மாமியாராக நடிக்க வேண்டிய அம்மா கோயம்புத்தூரிலிருந்து வரவேயில்லை.

வேடிக்கை பார்த்த பெண்களில் ஒவ்வொருத்தரையாக நிற்க வைத்துப் பார்த்தார் டைரக்டர் தம்பி. கேமராவைப் பார்த்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“அந்தம்மா ஒருத்தருதான் சிரிக்காம நிக்கறாங்க. வாங்கம்மா, சும்மா நின்னாப் போதுங்க” என்றார்.

கூச்சத்தில் எனக்குச் சிரிப்பு வராது, அவ்வளவுதான். அது அந்தத் தம்பிக்குக் கடுகடுப்பாகத் தெரிந்திருக்கிறது. முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேறு முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தெருமுனையில் பேசினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

மருமகள் டம்ளரைக் கீழே போட வேண்டும், நான் திட்ட வேண்டும். எத்தனை தடவை எடுத்தும் என் குரல் வெளியே வரவில்லை. கடைசியில் தம்பி, “நீங்க பேசவே வேண்டாங்கம்மா. அவளப் பாருங்க, போதும். குரல அப்பறம் சேத்திக்கலாம்” என்றார். டம்ளர் விழுந்தது. நான் பார்த்தேன். அந்தப் பெண் நிஜமாகவே ரெண்டடி பின்னால் போய்விட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

குரலைப் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தார். தீபாவளியன்று டிவியில் பார்த்தால் என் வாயிலிருந்து, “ஏட்டி, பாத்திரத்த ஒடைக்கதுக்கா ஒங்கப்பன் ஒன்னைய இங்க அனுப்பிவச்சான்?” என்று வருகிறது. எங்கள் லைன் வீட்டு வளவே உருண்டு சிரித்தது. அந்த அம்மாவே, “ஏக்கா, இவள நீங்க பட்டினி போட்டீயளாக்கும்? ஒங்களத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு ஓடிருவா போல இருக்கே” என்று கேலி பேசினார். கம்பெனியிலும் நான் உள்ளே போனால், “மாமியா வாறாங்க, எந்திரிங்க” என்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். இந்த வாயில்லாப் பூச்சிக்கு இப்படி ஒரு வேஷமா என்பதுதான் எல்லோருக்கும் பேச்சு.

அந்த வாரமே தரகர் வந்தார். பெண்ணின் சித்தி வீடு எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். தீபாவளிக்கு அங்கே வந்திருந்த பெண்ணின் தாயார் நாடகத்தைப் பார்த்திருக்கிறார். “கொஞ்சம் யோசிக்கறாங்களாமுங்க” என்றார் தரகர். மகன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாயாரும் சித்தியும் சொல்லாமல் வந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். காப்பி கலக்கிக்கொண்டிருக்கும்போது, சர்ச்சிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அம்மா விஷயம் தெரிந்து, வந்த சேலையோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

“யம்மா, பேசுனது நானாக்கும். இவிய வாயத் தொறந்து நான் ஒருநா கேட்டதில்ல. பாக்கியளா?” என்று சொல்லிவிட்டு, அந்த வசனத்தை அப்படியே உச்சக் குரலில் பேசிக் காட்டினார். சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

பெண்ணின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“குரலு இவங்களுது இல்லைன்னு அன்னிக்கே தெரிஞ்சுதுங்க. நான் அதுக்கு வரலீங்க. அந்தப் பார்வை ஆருதுங்க?”

அதுவரைக்கும் நானே அதை யோசித்ததில்லை. அவர் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நடிப்புங்க என்று சொல்லியிருக்கலாம். மகன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் பொய் வரவில்லை.

“எங்க மாமியாளுதுங்க” என்றேன்.

பிறகு எப்படியோ பேசினேன். என் மாமியார் என்னை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கை தவறி ஏதாவது விழுந்தால், குழம்பில் உப்பு கூடினால், பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் தின்ற சோறு நெஞ்சிலேயே நிற்கும். அந்த வீட்டில் பேசிப் பேசி மாட்டிக்கொள்வதைவிடப் பேசாமலிருப்பதே மேல் என்று ஆகித்தான் எனக்கு இந்த வாய் போனது. அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்தப் பார்வையும் அவரோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். என் முகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெண்ணின் தாயார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வைத்த காப்பியை எடுத்துக் குடித்து முடித்தார்.

“நடிப்புன்னு சொல்லியிருந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருப்பனுங்க. வலிச்சது உங்களுக்கு ஞாவகம் இருக்குது. அது போதுங்க” என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

மருமகள் வந்த புதிதில் ஒரு நாள் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த தடவையும் அப்படியே. அவள் பயந்துபோய், “ஏனுங்கத்தை, என் மூஞ்சியப் பார்க்கக்கூடப் புடிக்கலீங்களா?” என்று கேட்டு அழுதாள். பார்த்தாலும் கஷ்டம், பார்க்காவிட்டாலும் கஷ்டம் என்று ஆகிவிட்டது. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கப்புறம் ஏதாவது உடைந்தால் வாயைத் திறந்து, “கால்ல குத்திரப் போவுது, தள்ளி நில்லு கண்ணு” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பேசினால் அந்தப் பார்வை வருவதில்லை என்பது என் கணக்கு. எனக்குப் பொருந்தாத வேஷம் என்று ஊரே சிரித்தது. அது எனக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஒரு அந்நிய மனுஷி கண்டுபிடித்துச் சொன்னதால்தான் நான் அதைக் கழற்றி வைக்க முடிந்தது.

வருஷம், மாசம் எல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம், தெரிந்தவர்கள் சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பார்வையைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, அது சரிதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதை மட்டும் நீங்கள்தான் என் மருமகளிடம் நான் இல்லாத நேரமாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.