விம்கோ நகர் மாடியில் சேகர் அண்ணன் பெயர்

இந்தப் பயணத்துக்கு நான் திட்டம் எதுவும் போடவில்லை. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை வசந்தா போன் செய்தார். "அக்கா, சனிக்கெயம பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக்கீறாங்க. நீங்க படிச்சவங்க. பேசலன்னாலும் பரவால்ல, பக்கத்துல வந்து நில்லுங்க, போதும்." பள்ளி அலுவலகத்தில் வெள்ளிக்கும் திங்களுக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

வசந்தா காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர் தெருக்களில் கூடையில் விற்பவர். நான் திருச்சியில் ஒரு பள்ளியில் குமாஸ்தா. எங்கள் இருவருக்கும் என்ன பழக்கம் என்று கேட்பீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் அவர் கணவரும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். வசந்தா கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இயேசுவை ஏற்றுக்கொண்டவர். நான் ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்தவள். ஆனால் அந்த வார்டில் எனக்கும் சேர்த்து ஜெபித்தது அவர்தான். கணவர் போன பிறகு எனக்கு ஜெபம் வரவேயில்லை. கோவிலுக்குப் போவேன், எழுந்து நிற்பேன், உட்காருவேன், வாய் அசையும், உள்ளே ஒன்றும் நடக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

வெள்ளி காலை திருச்சியில் ரயில் ஏறினேன். இரண்டாம் வகுப்பு இருக்கை, 145 ரூபாய். எழும்பூரில் இறங்கும்போது மதியம் 12.25. வீட்டில் ஜெபம் வைப்பதாக வசந்தா மேல் வந்த புகாருக்கு வழியெல்லாம் ஒரு பதில் மனு எழுதினேன். அரசியல் சட்டம் தரும் வழிபாட்டு உரிமையில் ஆரம்பித்து ஏழு அம்சங்கள், அடிக்கோடுகளுடன். எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழும்பூரிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோவும் உண்டு, சென்ட்ரலில் மாறினால் போதும். நான் மின்சார ரயிலில் போனேன், பத்து ரூபாய். கடற்கரை நிலையத்தில் மாறி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஊர்ந்து, விம்கோ நகரில் இறங்கியபோது மணி 2.40. பெண்கள் பெட்டியில் காலி மீன் கூடைகளோடு நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து வந்தார்கள். எனக்கும் இடம் ஒதுக்கித் தந்தார்கள்.

நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மாடில ஜெபம் பண்ற வூடா? சேகரு தங்கச்சி வூடு?"

"ஆமாம். தெரியுமா?"

"ஏரியாக்கே தெரியும் யம்மா. ஞாயித்துக்கெயம மூணு மணிக்கு சேகரு பேர சொல்லிச் சொல்லி அய்வுறாங்க. அத்தினி பேரும் அவன் பேரையே! செய்வினைன்றான் அவன். போன மாசம் அவன் வண்டி டிவைடர்ல ஏறி காலு போச்சா, அதுலேந்து பேஜாரு."

வசந்தாவா, செய்வினையா?

வீடு ஒற்றை மாடி. வசந்தாவின் அப்பா விட்டுப்போனது. கீழே அண்ணன் சேகர், துறைமுகத்துக்கு கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர். மேலே வசந்தா. அவர் கணவர் இறந்த அன்று, "நம்ம சாமிய வுட்டுட்டுப் போன, அதான் தாலி போச்சு" என்று சொன்ன சேகர், அதற்குப் பிறகு தங்கையோடு பேசவில்லை. மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அடைத்தார். போன வருஷம் ஜெபத்தின் நடுவே ஏறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் படியில் வீசினார். ஒன்று வசந்தாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இன்று அவர் கூடையை இடது கையால்தான் தூக்குகிறார். இதையெல்லாம் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார், யாருக்கோ நடந்தது மாதிரி.

இப்போது போலீஸில் புகார். "இனி வீட்டில் ஜெபம் வைக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிவிட்டால் கூட்டத்துக்கு வரும் பதினான்கு பேருக்கும் போக்கிடமில்லை. வாடகைக்கு விசாரித்த இரண்டு இடத்திலும் மீன் வாடை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அவர் பெயரை ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அதான்க்கா எங்க ஒயுங்கு. நம்மள நோவடிச்சவங்க பேரு மொதல்ல. நம்ம வவுத்துப்பாடு அப்பால. எங்க பதினாலு பேருல என்னிய மாதிரி அடி வாங்கினது யாரு? அதான் அண்ணன் பேரு எப்பவும் மொதல்ல வரும்."

நேரம் இன்னொரு சங்கடம். ஞாயிறு காலைதான் காசிமேட்டில் வியாபாரம் கொழிக்கும் நேரம். ஆகவே இவர்களுடைய ஆராதனை கூடை காலியான பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு. வாரம் முழுக்க வண்டி ஓட்டிய சேகர் கறிச்சோறு தின்றுவிட்டுக் கண் அசரும் நேரமும் அதுதான். தலைக்கு மேலே பதினான்கு பேர் தன் பெயரைச் சொல்லிக் கதறினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? எங்கள் சபையில் கடவுளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நம்பி மெதுவாகத்தான் பேசுவோம். இவர்களுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவு. சேகர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தாவுக்கு வரவில்லை. "அவரு பயந்துட்டாருக்கா. எனுக்கு அதான் தாங்கல," என்றார்.

சனிக்கிழமை காலை நடந்தே போனோம், ஒன்றரை கிலோமீட்டர். வசந்தா ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் பெஞ்சில் சேகர் முன்பே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. தங்கையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் இளம்பெண். புகாரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். நான் என் ஏழு அம்ச மனுவை நீட்டினேன். "இருங்கம்மா," என்று மேசையில் கவிழ்த்து வைத்தார். அதோடு அதன் கதை முடிந்தது.

"இவர் பேரைச் சொல்லி என்ன பண்றீங்க?" என்று வசந்தாவைக் கேட்டார்.

"வேண்டிக்கிறோம் மேடம்."

"என்னன்னு?"

வசந்தா தயங்கினார். பிறகு நோட்டை எடுத்துக் கொடுத்தார். வாரா வாரம் ஜெபக் குறிப்புகளை எழுதும் நோட்டு அது. எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் எழுதுவார்களாம். எஸ்.ஐ. இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு அவர் எப்படி நினைத்தாரோ, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"சேகர் அண்ணன் முட்டி வலி. சேகர் அண்ணன் ராத்திரி லைன்ல வண்டி ஓட்டறார், கண் அசராம காக்கணும். சேகர் அண்ணனுக்கு சக்கரை குறையணும். அண்ணன் பொண்ணுக்கு நல்ல இடம் அமையணும். சேகர் அண்ணன் கோவம் தணியணும்." ஒரு பக்கம் தள்ளினார். "சேகர் அண்ணன் வண்டி மோதிச்சு. உயிர் கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம். கால் சேரணும்."

எழுத்து ஒவ்வொரு வாரமும் மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

சேகர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். "எனுக்கு சக்கர கீதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"மாத்திர அட்டைய வாசல்ல போடறியே. நாந்தானே பெருக்குறேன்."

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "தண்ணி வுடணும்னு எய்தலியா அதுல?" என்றார்.

"அத்த உன்னாண்ட கேக்கணும். ஆண்டவராண்ட இன்னாத்துக்கு கேக்கணும்?"

எஸ்.ஐ. நோட்டை மூடினார். இரண்டு வருஷமாக ஒரு பெண் ஈரமான படியில் குடம் தூக்கி ஏறியிருக்கிறாள். கோணல் கையோடு கூடை சுமந்திருக்கிறாள். அந்த நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வந்த ஒரே ஒரு துக்கத்துக்கு நான் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டவள்.

சேகர் இளகிவிடவில்லை. அப்படி எழுத எனக்கும் ஆசைதான். "அதெல்லாம் எனுக்குத் தெரியாது மேடம். என் பேரு மேலேந்து கேக்கக் கூடாது. அவ்ளோதான்," என்றார். எஸ்.ஐ. புகாரை மூடாமல் நிறுத்தி வைத்தார். பெயர் சொல்லக் கூடாது, சத்தம் கூடாது. இன்னொரு முறை புகார் வந்தால் கூட்டத்தையே நிறுத்தச் சொல்லி எழுதி வாங்கிவிடுவேன் என்றார். ஆக எல்லாம் மறுநாள் மூன்று மணியில் வந்து நின்றது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வசந்தாவோடு ஷேர் ஆட்டோவில் காசிமேடு போனேன். ஆளுக்கு முப்பது ரூபாய். பார்க்க விரும்புகிறவர்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏலம் விடுபவர்களின் குரலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வசந்தா இரண்டு கூடை சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் எடுத்தார். எனக்கு வேடிக்கை பார்க்க மனமில்லை.

மூன்று மணிக்கு மாடி நிறைந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே மின்விசிறி, சோப்பு போட்டுக் குளித்தும் போகாத மீன் வாசனை. வந்தவர்களில் பன்னிரண்டு பேர் பெண்கள். இருமல் சத்தத்தைக்கூட அடக்கினார்கள். பாட்டை முணுமுணுத்தார்கள். ஜெப நேரம் வந்ததும் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். வசந்தாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சுற்றிலும் அப்படியே. ஊமைகளாகப் பதினான்கு பேர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கண்ணீர் மட்டும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது படியில் சத்தம். ஊன்றுகோல் ஒன்று, கால் ஒன்று, மறுபடியும் ஊன்றுகோல். யாரோ மடக்கு நாற்காலியைச் சுவரோரம் இழுத்தார்கள். வசந்தா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். தைரியமெல்லாம் இல்லை.

சேகர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். தூங்காத முகம்.

"இன்னாம்மே, இன்னிக்கி என் பேரு வர்ல?"

வசந்தா எழுந்து நின்றார். "நீதானே அண்ணா கேக்கக் கூடாதுன்ன."

"அது சரி." சுவரைப் பார்த்தார். "நாளைக்கி கட்டு பிரிக்கிறாங்க. எலும்பு சேரலன்னா ஆபரேஷன்றாங்க. வண்டி ஓட்ட முடியாதாம்." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "சொல்றதுன்னா சொல்லு. ரொம்பக் கத்தாத."

திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதிப் படியில் ஊன்றுகோல் சத்தம் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்று புரிந்தது.

வசந்தா, "ஆண்டவரே, எங்க அண்ணன் சேகரு," என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை உடைந்துவிட்டது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். இரண்டு வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம், ஒரு மனிதருடைய முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்காக. அது போதுமானதாக இருந்தது. அழுதேன், வெட்கப்படவில்லை.

துன்பத்தில் விசுவாசம் தாங்கும் என்று நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எப்படித் தாங்கும் என்று விம்கோ நகர் மாடியில்தான் பார்த்தேன். வசந்தாவின் வலி குறையவில்லை. அந்த வலியைக் கொடுத்தவருக்கு என்னென்ன வலி என்று அவர் ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். அண்ணனை வெறுப்பதற்கு அவருக்கு நேரமே கிடைத்திருக்காது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி வண்டிகள் குறைவு, கிளம்பும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்களுக்குப் போனால் போட்டோ எடுக்காதீர்கள், முகவரியை எங்கும் எழுதாதீர்கள். நானும் இங்கே தெருப் பெயரைச் சொல்லவில்லை. திருவொற்றியூரில் தங்க அறைகள் எண்ணூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. நீங்களும் உங்கள் சண்டைக்காரர் ஒருவரின் பெயரோடு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கால் சேர்ந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று செவ்வாயன்று வசந்தா போன் செய்தார். அடுத்த வாரம் மறுபடியும் பேசினார். அந்த ஞாயிறு ஒரு புதுப் பெண் வீடு தெரியாமல் தெருவில் நின்றாளாம். வாசலில் உட்கார்ந்திருந்த சேகர் அவளை முறைத்துவிட்டு, மாடியைக் கை காட்டினாராம்.

"மேல போம்மா. சீக்கிரம் போ. மொதல்ல என் பேருதான் சொல்லுவாங்க."